பெயர் எழுதாத புத்தகங்கள்

உட்காரச் சொல்லவில்லையே என்று தப்பாக நினைக்காதீர்கள். இந்தக் கடையில் நாற்காலி ஒன்றுதான், அதில் நான் உட்கார்ந்திருக்கிறேன். புத்தகத்தை நின்றபடி புரட்டிப் பார்ப்பதில் ஒரு ருசி உண்டு, அதை நான் கெடுப்பானேன். உங்கள் வண்டிக்கு இன்னும் நேரம் இருக்கிறது. ரேணிகுண்டா வண்டி சொன்ன நேரத்துக்கு வந்ததை வெள்ளைக்காரன் இருந்தபோதும் நான் பார்த்ததில்லை, அவன் போய் இரண்டு வருஷம் ஆகியும் பார்க்கவில்லை.

நன்றாகப் பாருங்கள். துப்பறியும் நாவலுக்குப் பக்கத்தில் தேனீ வளர்ப்பு இருக்கும், ரஷ்யாவைப் பற்றிய புத்தகத்துக்கு அடியில் வற்றல் வடகம் போடும் முறை இருக்கும். நான் வகை பிரித்து அடுக்குவதில்லை. பிரித்து வைத்தால் வருகிறவர் தனக்குப் பழகின தட்டிலேயே மேய்ந்துவிட்டுப் போய்விடுகிறார்.

ஒன்று கேட்டீர்கள். எல்லாம் பழைய புத்தகம் என்கிறீர்களே, ஒன்றிலாவது முதல் பக்கத்தில் சொந்தக்காரர் பெயர் இல்லையே என்று. நல்ல கண் உங்களுக்கு. நம் ஊரில் புத்தகம் வாங்கினவர் முதலில் பெயர் எழுதுவார். படிப்பது அப்புறம்தான், பல பேருக்கு அதுவும் கிடையாது. இவற்றை வாங்கினவர் கிருஷ்ணன் என்று ஒருவர், என் தங்கை கெங்கம்மாளின் வீட்டுக்காரர். அவர் இப்போது இல்லை. அவள் பின்கட்டில் காப்பி போட்டுக்கொண்டிருக்கிறாள், அதனால் கொஞ்சம் மெதுவாகச் சொல்கிறேன்.

யுத்த காலத்தில் முருகன் கோயில் மலையடிவாரத்தில், சரவணப் பொய்கைக்குப் போகிற வழியில், தானியேல் என்பவர் புத்தகக் கடை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை வேதக் கோயிலில் பாட்டுப் பாடுகிற கிறிஸ்தவர், மற்ற நாட்களில் காவடிப் பாட்டுப் புத்தகம் விற்பார். யாராவது கேலி செய்தால், "ஆறு நாளு முருகன் சோறு போடறாரு, ஏழாவது நாளு இயேசு லீவு குடுக்கறாரு, ரெண்டு பேர்கிட்டயும் எனக்குச் சண்ட இல்லீங்க" என்பார். நான் பொதட்டூர்பேட்டை நெசவாளர்களுக்கு நூல் அனுப்புகிற ஒரு மண்டியில் குமாஸ்தா. சர்க்கார் நூலுக்குக் கட்டுப்பாடு போட்டதும் மண்டியில் ஈ ஓட்டுவதைத் தவிர வேலை இல்லை. மத்தியானச் சாப்பாடு ஆனதும் தானியேல் கடைக்குப் போய்விடுவேன். பொழுது சாயும் வரை நின்றபடி படிப்பேன். சரித்திரத்தில் கொஞ்சம், கொலையில் கொஞ்சம், நாட்டு வைத்தியத்தில் கொஞ்சம் என்று ஒரே நாளில் எல்லாவற்றிலும் வாய் வைப்பேன். வாங்கினது கிடையாது. தானியேல் ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. அவர் கடைக்கு நான் ஒரு தூண் மாதிரி இருந்தேன், அவ்வளவுதான்.

கிருஷ்ணன் அங்கேதான் பழக்கமானார். ரயில்வேயில் கூட்ஸ் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், ஐம்பதைத் தாண்டியவர், அதிகம் பேசாதவர். அவருக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. நான் எந்தப் புத்தகத்தில் மூழ்கி நிற்கிறேனோ, அதை நான் போன பிறகு வாங்கிக்கொண்டு போய்விடுவார். மறுநாள் வந்து தேடினால் அந்த இடத்தில் வேறு ஏதாவது பல்லைக் காட்டிக்கொண்டு இருக்கும். அக்பர் காபூலுக்குக் கிளம்பின இடத்தோடு எனக்குச் சரித்திரம் நின்றுபோயிற்று. மஞ்சள் காமாலைக்கு மூலிகையைச் சொன்ன புத்தகம் அதை எப்படி அரைப்பது என்று சொல்வதற்குள் போய்விட்டது. இப்படி ஒன்றா, இரண்டா. எனக்கு வயிறு எரிந்தது, அதை மறைக்க மாட்டேன்.

கெங்கம்மாளுக்கு அப்போது செவ்வாய் தோஷத்தால் கல்யாணம் தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. புத்தகங்கள் போகிற வீட்டுக்கே பெண்ணையும் அனுப்பினால் என்ன என்று தோன்றியது. அவரிடம் நானே பேச்செடுத்தேன். உங்களுக்கு இது அசிங்கமாகப் படலாம். ஆனால் பெண் கொடுக்கிறவர்கள் நஞ்சை பார்க்கிறார்கள், வீடு பார்க்கிறார்கள். நான் பீரோவைப் பார்த்தேன். கண்ணாடிக் கதவு போட்ட பீரோ, உள்ளே என் புத்தகங்கள் எல்லாம் பத்திரமாக இருந்தன.

கல்யாணம் ஆன மறு வாரமே போய் நின்றேன். பீரோ பூட்டியிருந்தது. சாவி அவர் அரைஞாணில் தொங்கிற்று. கேட்டேன். சிரித்தார். "இப்ப வேணாம் மச்சான். நேரம் வரட்டும்" என்றார். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே காப்பி குடித்துவிட்டு வந்தேன். ஒரு தடவை அவர் பீரோவைத் திறந்து தூசி தட்டியபோது முதல் பக்கங்களைப் பார்த்தேன். ஒன்றிலும் பெயர் எழுதவில்லை. பெயர்கூட எழுதிக்கொள்ளத் தோன்றாதவனுக்குப் புத்தகம் எதற்கு என்று நினைத்தேன். இப்போதும் அது நியாயமான கேள்வி என்றுதான் எனக்குப் படுகிறது.

என் தங்கை சந்தோஷமாக இருந்தாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், எதையும் மறைக்கக் கூடாது. அவர் தினமும் அவளுக்குப் பூ வாங்கி வந்தார். சமைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்து கொடுப்பார். அவள் வாய்விட்டுச் சிரித்து நான் அந்த வீட்டில்தான் முதலில் கேட்டேன்.

அடுத்த பங்குனியில் அவருக்குக் கடுமையான ஜுரம். நினைவு தப்பிப் பிதற்றினார். கெங்கம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவருக்கு ஒண்ணுன்னா நான் இன்னா பண்ணுவேண்ணா" என்று அழுதாள். அவளைச் சமாதானப்படுத்த ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து, கற்பூரம் ஏற்றி, ஜுரம் விட்டால் ஆடிக் கிருத்திகைக்குப் பாவாவே, தங்கை புருஷனை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம், புஷ்பக் காவடி எடுத்துப் படியேறி வருவார் என்று மலையைப் பார்த்து வேண்டிக்கொண்டேன். அப்போது என் மனசில் ஒன்றுமில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். ஜுரமும் விட்டது.

ஜுரம் விட்ட பிறகு மூச்சு வாங்குகிறது என்று அரக்கோணத்து டாக்டரிடம் அழைத்துப் போனேன். டாக்டர் அவர் நெஞ்சில் குழாயை வைத்து வெகு நேரம் கேட்டார். இருதயம் கெட்டுவிட்டது, மருந்து ஒரு நாளும் நிற்கக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, மாடிப்படிகூட ஏறக் கூடாது என்றார். திரும்பி வரும்போது ரயிலில் கிருஷ்ணன் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார். கெங்கம்மாளிடம் இதைச் சொல்ல வேண்டாம், பயந்துவிடுவாள் என்றார். நான் சொல்லவில்லை. கொடுத்த வாக்கை நான் மீறுகிறவன் இல்லை.

அந்த மாதத்தில்தான் தானியேல் கடைக்கு ஒரு துப்பறியும் நாவல் வந்தது. ஜமீன்தார் ஒருவர் ஏரியில் படகில் செத்துக் கிடக்கிறார், படகில் வேறு யாருமில்லை. மூன்று மத்தியானம் கால் கடுக்க நின்று பாதி வரை வந்துவிட்டேன். நாலாம் நாள் போனால் காணோம். தானியேல் தலையைச் சொறிந்தார். "உங்க பாவாதாங்க வாங்கினு போனாரு" என்றார். அந்த இடத்தில் நிலக்கடலை சாகுபடி பற்றி ஒன்று இருந்தது.

நான் சத்தம் போடவில்லை. வேறு புத்தகங்களை எடுத்துப் படித்தேன். இருதயத்தைப் பற்றி வைத்தியப் புத்தகத்தில் ஒரு அத்தியாயம் இருந்தது. காவடி எடுக்கும் விதிகளைப் பற்றி யாத்ரீகர்களுக்கான சின்னப் புத்தகம் ஒன்று இருந்தது. துப்பறியும் கதைகளோ ஏற்கெனவே நிறையப் படித்தவன். அவற்றில் கொலைகாரன் எப்போதும் ஆயுதத்தால்தான் மாட்டிக்கொள்கிறான். கத்தியைக் குளத்தில் போடுகிறான், விஷக் குப்பியைக் குப்பையில் போடுகிறான், யாராவது எடுத்துவிடுகிறார்கள். ஆயுதமே இல்லாவிட்டால் எடுப்பதற்கு என்ன இருக்கிறது. பலவகைப் புத்தகமும் படிக்க வேண்டும் என்று நான் வருகிறவர்களிடம் சொல்வது இதனால்தான்.

மற்றபடி நான் அதிகம் செய்யவில்லை. கெங்கம்மாளிடம் வேண்டுதலை ஞாபகப்படுத்தினேன். சாமி கடனை வைத்துக்கொண்டு எத்தனை நாள் தைரியமாக இருப்பாய் என்று கேட்டேன். வேண்டுதலை மறந்த ஒரு வீட்டில் ஆடி கழிவதற்குள் தாலி இறங்கினது என்று பள்ளிப்பட்டுக் கதை ஒன்று சொன்னேன். அப்படி ஒரு வீடு கிடையாது. அவள் சாப்பிடுவதை விட்டாள். அவருக்குச் சாமி நம்பிக்கை அவ்வளவாக இல்லை, அவள் கண்ணீரைத்தான் தாங்கவில்லை. காவடி எடுக்கிறேன் என்று ஒத்துக்கொண்டார்.

பூக்கார பங்காருவிடம் பெரிய காவடியாகக் கட்டச் சொன்னேன். பூ வாடாமல் இருக்கத் தண்ணீரை நன்றாகத் தெளிக்கவும் சொன்னேன். நனைந்த பூ கனக்கும். விரதத்தன்று மருந்தும் ஆகாது என்று அவரிடம் சொன்னேன். அது எந்தப் புத்தகத்திலும் இல்லை, என் சொந்தச் சரக்கு.

ஆடிக் கிருத்திகை அன்று ஊரே மஞ்சள் துணியாக இருந்தது. நம் ஜனங்கள் அரோகரா என்றார்கள், ஆந்திரத்து ஜனங்கள் ஹரோம் ஹரா என்றார்கள், குரங்குகள் இரண்டு பாஷையிலும் தேங்காய் பிடுங்கின. பொய்கையில் முழுகிவிட்டு, தோளில் காவடியோடு முதல் படியில் நின்று கிருஷ்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். கெங்கம்மாள் பால்குடத்தோடு முன்னால் போய்விட்டாள்.

"இன்னா மச்சான், ஏறிடலாமா?"

"மெதுவா ஏறலாம் பாவா. நான் பின்னாலயே வந்துகினு இருக்கேன்."

டாக்டர் சொன்னதைக் கேட்டவர்கள் உலகத்தில் நாங்கள் இரண்டு பேர்தான். அவர் என் வார்த்தையை நம்பி ஏறினார். பாதி மலையில் முகம் வெளுத்து, வேர்த்து ஊற்றிற்று. "கொஞ்சம் எறக்கி வெச்சிட்டு உக்காரட்டுமா மச்சான்" என்று கேட்டார். "காவடிய எறக்கக் கூடாது பாவா" என்றேன். அது விதிதான். முடியாதவரிடமிருந்து நெருங்கிய சொந்தம் ஒருவர் தோள் மாற்றிக்கொள்ளலாம் என்பதும் அதே பக்கத்தில் அடுத்த வரியில் இருந்தது. அவர் அந்தப் புத்தகத்தைப் படித்ததில்லை. நான் அதை எடுத்த நாளில் மட்டும் அவர் கடைக்கு வரவில்லை.

மேல் மண்டபத்துக்குச் சற்றுக் கீழே முழங்கால் மடங்கி உட்கார்ந்தார். உடம்பு நடுங்கிற்று, கண் மேலே செருகிற்று. அப்போதும் காவடியை விடவில்லை. சுற்றி இருந்தவர்கள் சாமி வந்துவிட்டது என்று கத்தினார்கள். பம்பைக்காரன் இன்னும் வேகமாக அடித்தான். ஒரு கிழவி அவர் வாயில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாள். அவர் என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். நானும் கூட்டத்தோடு சேர்ந்து கன்னத்தில் போட்டுக்கொண்டேன். நடுக்கம் நின்ற பிறகுகூட அவர்கள் வெகு நேரம் அரோகரா சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அவரைக் கொன்றது நான்தான். ஊரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். கிருத்திகையன்று படியில் உயிர் விட்டவரைப் புண்ணியவான் என்று சொல்லி, சாமியே கூப்பிட்டுக்கொண்டார் என்கிறார்கள். நீங்கள் போலீசில் போய்ச் சொன்னாலும் அவர்கள் யாரைப் பிடிப்பார்கள்? முருகன் பேரில் கேஸ் போட முடியாது.

அவருடைய பதினாறாம் நாள் காரியத்தன்று தச்சன் முனியன் இந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தான். கெங்கம்மாள் அதைப் பார்த்ததும் புதிதாக அழுதாள். "உங்களுக்குத்தாண்ணா செய்யச் சொன்னாரு. எங்க மச்சான் நின்னுகினே படிக்கறாரே, கால் வலிக்காதான்னு சொல்லிகினே இருப்பாரு. நீங்க ஆசையா எடுத்துப் பாத்த புத்தகமாப் பாத்துத்தான் வாங்கினாரு. பேரு நீங்களே எழுதிக்கணும்னு வெறுமனே வெச்சாரு. நாற்காலியும் வரட்டும், மலையிலேந்து எறங்கினதும் சாவிய உங்க கையில குடுக்கணும்னு இருந்தாரு" என்றாள். இந்த முன்னறையையும் எனக்காகக் காலி செய்யச் சொல்லியிருந்தாராம்.

இதை முதலிலேயே வாயைத் திறந்து சொல்லியிருந்தால் என்ன? நேரம் வரட்டும், நேரம் வரட்டும் என்று ஒரு மனுஷன் மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டால் மற்றவனுக்கு எப்படித் தெரியும்? அவர் அழுத்தக்காரர். அதனால் அநியாயமாக ஒரு உயிர் போயிற்று. அதை நினைக்கும்போது எனக்கு அவர்மேல் இன்றைக்கும் வருத்தம்தான்.

படித்தீர்களா என்று கேட்கிறீர்கள். எங்கே. வாழ்நாள் முழுக்க நின்று படித்துப் பழகிவிட்டு, இதில் சாய்ந்தால் இரண்டாம் பக்கத்தில் தூக்கம் வந்துவிடுகிறது. பெயர் எழுதவும் கை வரவில்லை. அதனால்தான் விற்கிறேன். உங்கள் கையில் இருக்கிற படகுக் கதையை மட்டும் வைத்துவிடுங்கள், நான் அதில் பாதியில் இருக்கிறேன். தேனீ வளர்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள், நல்ல புத்தகம்.

அதோ, அவள் காப்பி எடுத்துக்கொண்டு வருகிறாள். தன் பிடிவாதத்தால்தான் அவர் படியேறிச் செத்தார் என்று இன்னும் ராத்திரியெல்லாம் அழுகிறாள், நானும் பக்கத்தில் உட்கார்ந்து, விதி, நீ என்ன செய்வாய் என்று தேற்றுகிறேன். அவளிடம் இதையெல்லாம் சொல்லிவிடாதீர்கள். தெரிந்தால் பாவம் தாங்க மாட்டாள், அதைப் பார்த்துக்கொண்டிருக்கிற அளவுக்கு எனக்குக் கல்நெஞ்சு கிடையாது.