அடுத்த சுத்துக்கு விட்ட ஜோடி

— பத்தாங்கிளாஸ் கணக்குல முப்பத்தி மூணு. ரெண்டே ரெண்டு மார்க்குல போச்சு, சுஜிதா.

— திரும்பத் திரும்பப் பாத்தா மார்க்கு ஏறிருமா மதினி? போனை உள்ள வைங்க. மலை மெட்டு வளைவு வருது, ஜீப்புக் கம்பியப் பிடிங்க.

— பிடிச்சு என்னத்துக்கு? விடைத்தாள் காப்பி வந்திருக்கு. இந்தக் கணக்கைப் பாரு. எழுபத்திரண்டோட வர்க்கமூலத்தைச் சுருக்குன்னு கேட்டிருக்கான்.

— என்ன எழுதுனீங்க?

— எழுபத்திரண்டுக்குள்ள நாலு இருக்கு. ரெண்டும் ரெண்டும் ஜோடி. ஜோடிக்கு ஒண்ணு வெளிய வரும். வெளிய ரெண்டு, உள்ள பதினெட்டு.

— அப்புறம்?

— அப்புறம் என்ன, அடியில கோடு போட்டுட்டேன்.

— பதினெட்டுக்குள்ள ஒம்பது கெடக்கே. மூணும் மூணும் ஜோடிதான? அதையும் எடுத்தா வெளிய ஆறு, உள்ள வெறும் ரெண்டு. அதான் விடை.

— இப்பத் தெரியுது.

— அப்ப ஏன் விட்டீங்க?

— இருபது வருசமா ஏலக்கா எடுக்குற கை இது. முத்துன காயை மட்டும் கிள்ளு, மிச்சம் அவிடெ நிக்கட்டே, அடுத்த சுத்துல பாத்துக்கலாம்னு மலையாளத்துக் கங்காணி கத்திக் கத்திப் பழக்குன கை. ஒட்ட உருவுனா மறுநாள் சோலி கிடையாது. பரீட்சையிலயும் ஒரு ஜோடி எடுத்ததும் தானா நின்னுருச்சு.

— சரி, அடுத்த தடவ எழுதுனாப் போச்சு.

— வெவரந் தெரிஞ்சுதான் பேசுறியா? பத்து பாசானாத்தான் பால்வாடி வேலை, அதுக்கு இந்த மாசத்தோட எனக்கு வயசு முடியுது. நம்ம தெருவுலயே உக்காந்து புள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் குடுத்துப் பொழச்சுக்கலாம்னு இருந்தேன். மருந்தடிச்ச காட்டுக்குள்ள இன்னும் ரெண்டு வருசம் போனா நெஞ்சு தாங்காதுன்னு டாக்டரு சொன்னதை உங்கண்ணன்கிட்டகூடச் சொல்லல. உங்கிட்ட மட்டுந்தான் சொன்னேன். ஏன் மூஞ்சியத் திருப்பிக்கிற?

— ஒண்ணுமில்ல. காத்து மூஞ்சில அடிக்குது.

— நேத்து நீ கணக்குச் சொல்லிக் குடுத்த நோட்டை எடுத்துப் பாத்தேன். அதுலயும் இதே தப்புதான். நூத்தியெட்டுக்கு வெளிய ரெண்டு, உள்ள இருபத்தேழு. இருநூறுக்கு வெளிய ரெண்டு, உள்ள அம்பது. ரெண்டுக்கும் நீ செவப்பு மையில சரி போட்டிருக்க.

— அந்த நோட்டு எங்க?

— சோத்து வாளிக்குள்ளதான் இருக்கு. உன்னையக் குத்தஞ் சொல்லல ஆத்தா. நீயும் எங்கூடப் பகலெல்லாம் சரிவுல நின்னுட்டு வந்து சொல்லிக் குடுத்தவ. பன்னெண்டு படிச்சவளா இருந்தாலும் அலுப்புல கண்ணு அசந்திருக்கும்.

— அசரல மதினி.

— பெறகு?

— தப்புன்னு தெரிஞ்சுதான் சரி போட்டேன். பால்வாடிக்கு ஒரே ஒரு எடந்தான். நானும் அதுக்கு மனு எழுதிப் போட்டிருக்கேன்.