படியில்லா வீடுகள் தந்த பண்பாளருக்கு

குடவோலை கண்ட உத்திரமேரூர் மண்ணில், குடியிருக்க வீடு கேட்டு வந்தவர் கையிலெல்லாம் கொத்துக்கரண்டியைக் கொடுத்த கொள்கைக் குன்றே! கோபத்தில் கோடை இடியாகவும் குணத்தில் பாலாற்று ஊற்றாகவும் விளங்கும் எங்கள் செயலாளர் அப்துல் ஜப்பார் அவர்களே! வணக்கம்.

நம் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தில் தாங்கள் பணியாற்றிய காலத்தில் தங்களிடம் திட்டு வாங்காதவர் எங்களில் எவருமில்லை. பாராட்டு மடலில் இதைச் சொல்லலாமா என்று கூட்டம் போட்டே பேசினோம். சொல்லாவிட்டால் வேறு யாரையோ பாராட்டியதாகிவிடும் என்று முடிவாயிற்று.

தொண்ணூற்றெட்டில் இக்குடியிருப்பை நாங்களே கூடிக் கட்டியபோது தாங்கள் விதித்த விதி ஊரறிந்தது. எல்லாக் குடும்பமும் எல்லா வீட்டிலும் உழைக்க வேண்டும். கூரை போட்டு முடியும்வரை எவர் வீடு எதுவென்று எவருக்கும் தெரியக்கூடாது. பிறகு பானையில் சீட்டுப் போட்டு எடுக்க வேண்டும். தன் வீடு தெரிந்துவிட்டால் அங்கே மட்டும் சிமென்ட் தாராளமாய் விழும் என்று எங்களைத் தாங்கள் சரியாகவே எடை போட்டிருந்தீர்கள்.

அந்த விதிதான் கோவிந்தம்மாளுக்கு வினையாயிற்று. டிராக்டர் கவிழ்ந்ததில் அவள் கணவர் சுகுமாருக்கு இரு கால்களும் செயலிழந்திருந்தன. மூன்று சக்கர வண்டி இருந்தும், வாடகை வீட்டு வாசற்படிகளால், யாராவது தூக்கிவிட்டால்தான் அவருக்குத் தெரு. நெல் மூட்டை போலத் தூக்கப்படும்போதெல்லாம் அவர் கண்ணை மூடிக்கொள்வதைத் தினமும் பார்த்தவள் அவள். சொந்த வீடாவது அவரை வெளியே விடுமா என்பதே அவள் கவலை.

அடித்தளம் எழும்பியதும் தங்கள் முன் வந்து நின்றாள்.

"பாய், படியில்லாம ஒரு வூடு கட்டி எங்களுக்குக் குடுத்துடுங்க. எங்க சீட்டப் பானையில போடாதீங்க."

"ஒனக்கு ஒண்ணு ஒதுக்கினா நாளைக்கு ஊரே வந்து நிக்கும்மா. முடியாது, போ."

கல்லும் கரையும், இந்த மனிதர் கரையமாட்டார் என்று வழியெல்லாம் தங்களைச் சபித்துக்கொண்டே போனாள். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு மனமில்லாமல்தான் வந்தாள். அன்று தாங்கள் அறிவித்தீர்கள்: எந்த வீட்டுக்கும் படி கிடையாது, எல்லா வாசலிலும் சரிவு, எல்லா வாசற்காலும் வண்டி நுழையும் அகலம்!

"படியில்லாத வூடு இன்னா வூடு பாய்? மாட்டுக் கொட்டா மாரி கீது!" என்று குதித்தார் விவசாயி ராஜாராம்.

"கொட்டாய்ல மாடு தானா நடந்து போவுதில்ல? சுகுமாரும் தானா போவட்டும். சீட்டுல எந்த வூடு வுழுந்தாலும் போவட்டும்."

கடைசியில் சரிவுக்கு முதல் கூடை மண்ணைச் சுமந்தவர் ராஜாராமே. கோவிந்தம்மாள் கலவைச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு எல்லார் முன்னாலும் அழுதாள்.

பானை அவர்களுக்கு ஏரிக்கரையோரக் கடைசி வீட்டைக் கொடுத்தது. குடிபுகுந்த அன்று சுகுமார் தம் வீட்டோடு நிற்கவில்லை. வரிசையில் ஒரு வீடு விடாமல் வண்டியோடு நுழைந்து, கொடுத்த காபியையெல்லாம் குடித்து, வயிற்றைக் கெடுத்துக்கொண்டார். அவரைத் திட்ட அன்று கோவிந்தம்மாளுக்கு வாய் வரவில்லை.

நீதி வழுவாமலே நெஞ்சம் நெகிழ்ந்த நேர்மையாளரே! இந்தப் பாராட்டு விழாவைக் கல்யாண மண்டபத்தில் வைக்காமல் தெருவில் பந்தல் போட்டதேன் என்று காலையில் எங்களைக் கடிந்துகொண்டீர்கள். மண்டபத்துக்குப் படி இருக்கிறது, ஐயா.

நோய் அணுகாமல், நோன்பு தவறாமல், நூறாண்டு இதே கோபத்தோடு வாழ்க! இம்மடலைத் தங்கள் கையில் தர, இதோ, சுகுமார் வருகிறார். யாரும் பிடிக்க வேண்டாம்.

தங்கள் ஏச்சிலும் அன்பிலும் வளர்ந்த
சங்க ஊழியர்கள், குடியிருப்புக் குடும்பத்தினர்
உத்திரமேரூர், 2006