உள்ளே காத்து இருக்கா

காவிரிப் பாலத்து நெரிசலில் எனக்கு ஒருநாளும் கோபம் வந்ததில்லை. ஸ்ரீரங்கத்தில் குடியிருந்துகொண்டு துவாக்குடியில் வேலை பார்ப்பவன் அந்தப் பாலத்தில் கோபப்பட ஆரம்பித்தால் பிழைக்க முடியாது. பின்னால் ஹாரன் அடிக்கிறவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொள்வேன். ஹாரன் அடித்தால் முன்னால் நிற்கிற பஸ் பறந்துவிடுமா என்ன. கோபத்தில் செய்துவிட்டதாக நீங்கள் எழுதிக்கொண்டால் அது தப்பு சார், அதற்காகத்தான் இதை முதலில் சொல்கிறேன்.

சூரியனுக்குள் நடப்பதை ஓர் உலைக்குள் நடத்திக் கரண்ட் எடுக்க முடியுமா என்று பல நாடுகள் கூடி வெளிநாட்டில் ஒன்றைக் கட்டுகின்றன. பங்கை எல்லாம் பணமாகக் கொடுத்துவிட முடியாது. கல்யாணத்துக்குச் சீர் செய்வது மாதிரி ஆளுக்கொரு சாமான் செய்து அனுப்ப வேண்டும். நம் நாட்டுச் சீரில் ஒரு பெரிய எஃகுக் கலம் எங்கள் பட்டறைக்கு வந்தது. அங்கே நான் ஜெனரல் மேனேஜர். அழகிரி என்ற என் பெயரை ஏற்கெனவே எழுதிவிட்டீர்கள்.

இந்தச் சீர் விவகாரத்தில் ஒரு வேடிக்கை உண்டு. எல்லா நாடுகளும் தாமதம். எல்லோருக்கும் அது தெரியும், யாரும் வாய் திறக்க மாட்டார்கள். முதலில் ஒப்புக்கொள்கிற நாட்டின் தலையில் மொத்தப் பழியும் விழும். மற்றவர்கள் அதைக் காட்டித் தங்கள் தாமதத்தை மறைத்துக்கொள்வார்கள். அதனால் ஒவ்வொருவரும் வேலை நன்றாக நடப்பதாக எழுதிவிட்டு அடுத்தவர் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

டெல்லியில் ஒரு கமிட்டி இருந்தது. எப்போது எரியும் என்றே தெரியாத அடுப்புக்கு நாம் ஏன் விறகு கொடுக்க வேண்டும் என்று கேட்பவர்கள் அதில் அதிகம். பணத்தை நிறுத்த அவர்களுக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. அந்தச் சாக்கு எங்கள் பட்டறையிலிருந்து போகக் கூடாது என்பதுதான் என் கவலை. காலமெல்லாம் பாய்லர் குழாய் ஒட்டிக்கொண்டிருந்தவனுக்குச் சூரியனில் பங்கு கிடைத்திருந்தது. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

கலத்தைச் சோதிக்க பானுப்ரியா வந்தார். வடக்கே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை, பிறந்தது லால்குடி. காலையில் உள்ளே இறங்கிப் பார்த்தவர், வெல்டில் மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல் என்றார்.

"இன்னொரு தடவை பாக்கணும்னு மட்டும் எழுதுங்கம்மா. கமிட்டி கூடி முடியட்டும், நாங்க சரி பண்ணிடறோம்" என்றேன்.

"விரிசல் இருக்கு, கலத்தை ஏத்துக்க முடியாதுன்னுதான் எழுத முடியும் சார். இதுல நாட்டு மானமெல்லாம் ஒண்ணும் இல்ல. வெல்டு சரியில்ல, அவ்வளவுதான்."

நல்ல பெண். எனக்குப் பிடித்திருந்தது. அவர் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

எங்கள் பட்டறையில் ஆர்கான் வாயுவுக்குக் காத்து என்று பெயர். வெல்டு கருக்காமல் இருக்கக் கலத்துக்குள் அதை நிரப்புவோம். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. உள்ளே இறங்குகிறவருக்கு மூச்சு முட்டுவதுகூடத் தெரியாது, இரண்டு இழுப்பில் விழுந்துவிடுவார். அதனால் எங்கள் ஆட்கள் இறங்குவதற்கு முன் "காத்து இருக்கா?" என்று கேட்பார்கள். இருக்கிறது என்றால் யாரும் இறங்க மாட்டார்கள். வெளியாட்களுக்குக் காத்து என்றால் நாம் சுவாசிக்கிற காற்றுதான்.

விரிசலைப் படம் எடுக்க மத்தியானம் மறுபடி இறங்க வேண்டும் என்றார் பானுப்ரியா. நடுவில் அந்தக் கலத்தில் காத்து நிரப்பச் சொல்லியிருந்தேன். அவர் இறங்க வந்தது ஷிப்ட் மாறுகிற நேரம், பக்கத்தில் யாரும் இல்லை. கலத்தின் வாயில் காவல் நிற்க வேண்டிய தங்கையன் அப்போதுதான் வேலைக்கு வந்தான். அம்மாவுக்கு நல்ல டீ வேண்டும் என்று சொல்லி மெயின் கேட்டுக்கு வெளியே அனுப்பிவிட்டேன்.

பானுப்ரியா ஆக்ஸிஜன் மீட்டர் கேட்டார். ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்றேன். அது என் மேஜை டிராயரில் இருந்தது, நீங்களே எடுத்தீர்கள். இந்த விஷயத்தில் நான் சொன்ன ஒரே பொய் அது.

கலத்தில் இறங்குகிற துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு அவர் கேட்டார். "உள்ள காத்து இருக்கா சார்?"

"இருக்கு" என்றேன்.

"முடிச்சிட்டு லால்குடிக்கு ஒரு எட்டு போய் அம்மாவைப் பாக்கணும்" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார்.

அடுத்த வாரமே வேறொரு நாடு தன் சாமானில் கோளாறு என்று ஒப்புக்கொண்டது. மற்ற நாடுகள் நிம்மதியாக அதைக் காட்டித் தேதியைத் தள்ளிவைத்தன. எங்களுக்கு வருஷக்கணக்கில் அவகாசம் கிடைத்தது. பானுப்ரியா என்ன எழுதியிருந்தாலும் யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். பிறகு டெல்லி கமிட்டி கூடிப் பணத்தை வெட்டியது. விபத்தைப் பற்றிப் பேச்சே இல்லை, வேறு செலவு இருக்கிறதாம். கலம் பட்டறைக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது, விரிசலும் அப்படியே இருக்கிறது. அந்த ஒரு வாரத்தை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது சார்.

தங்கையனைப் பற்றிக் கேட்டீர்கள். தொட்டியத்துக்காரன், வீட்டில் கொஞ்சம் வாழை உண்டு. காப்பாற்றப் போய் அவசரத்தில் உயிரை விட்டான் என்று பேப்பரில் போட்டார்கள். அவன் அப்படிப்பட்ட ஆள் இல்லை. எத்தனை அவசரத்திலும் கேட்காமல் இறங்க மாட்டான். நான்தான் அவனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தேன்.

டீ பிளாஸ்க்கோடு வந்தவன் துளையில் எட்டிப் பார்த்தான். "ஐயோ, அம்மா விழுந்து கிடக்கறாங்க" என்றான். பிளாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான்.

"சார், உள்ள காத்து இருக்கா?"

இருக்கிறது என்று சொல்லியிருந்தால் ஆக்ஸிஜன் முகமூடி மாட்டிக்கொண்டு இறங்கியிருப்பான். அந்தப் பெண்ணுக்கு அப்போது உயிர்கூட இருந்திருக்கலாம். ஆனால் எனக்கு முன்பே தெரியும் என்று அவனுக்குத் தெரிந்துபோயிருக்கும்.

"இல்ல" என்றேன். உடனே குதித்தான்.

நீங்களே நிதானமாக யோசித்துப் பாருங்கள் சார். பானுப்ரியாவிடம் காத்து இருக்கிறது என்றேன். எங்கள் பேச்சுப்படி இருந்தது. தங்கையனிடம் இல்லை என்றேன். பானுப்ரியா பேச்சுப்படி இல்லைதான். மீட்டர் விஷயத்தைத் தவிர நான் யாரிடமும் பொய் சொல்லவில்லை, அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.