கருப்பி அடை கிடந்த இருபத்தொரு நாள்

மழைக்காலத்துல கோழிக்குத் தீனியை விடக் காஞ்ச தரைதான் முக்கியம், தம்பி. அதை முதல்ல எழுதிக்குங்க, மத்ததை அப்புறம் சொல்றேன். சுங்கை சிப்புட் மழை ஒங்களுக்குத் தெரியாததில்ல, மத்தியானம் மூணு மணிக்கே இருட்டிரும். கால் ஈரமா நின்னா கோழிக்குச் சளி புடிக்கும். ஒன்னுக்குப் புடிச்சா மொத்தமும் போயிரும். மரத்தூளை ரெண்டு நாளைக்கு ஒருக்கா மாத்தணும், குடிக்கிற தண்ணியில மஞ்சளும் பூண்டும் தட்டிப் போடணும், குளிருக்கு ஒரு மஞ்சப் பல்பு எரியணும். எழுபது வயசுல தனி ஆளா இதெல்லாம் நான்தான் செஞ்சேன். பதினாலு உருப்படி, போன மழைக்கு ஒன்னுகூடச் சாகல.

ஒரு வேலைதான் முடியாது. இருபத்தெட்டு வருஷம் ரப்பர் எஸ்டேட்டுல பால் மரம் வெட்டின வலது கை, தோளுக்கு மேல தூக்காது. கோழிக் கொட்டாய் வாசல்ல சுருட்டி வச்சிருக்கிற கன்வஸை அந்தியில இறக்கி விடணும், இல்லாட்டிச் சாரல் உள்ள அடிக்கும். அதுக்குத்தான் பக்கத்து வீட்டுப் பிச்சைமுத்து வருவான். ஒரே எஸ்டேட் லயத்துல பொறந்தவன், எனக்கு ஆறு வயசு சின்னவன். லோரி ஓட்டினான், பெஞ்சாதி போயிட்டா, மக தினேஸ்வரி ஈப்போவுல வேலை.

கன்வஸ் தொங்குற இரும்புக் குழாய் மேலதான் பல்பு வயரும் போகுது. அதை எலி கடிச்சிருச்சு. பிச்சைமுத்துதான் டேப்பு சுத்தி வச்சான், மழை விட்டதும் புது வயர் போடலாம்கா அப்படின்னான். வீட்டுல கரண்டைத் தானா வெட்டுற பெட்டியும் ரொம்ப நாளாப் பழுது. அதனால தெனமும் கொட்டாய்கிட்ட நின்னு, "அக்கா, சுவிச்சு?"ன்னு குரல் குடுப்பான். நான் அடுப்படியில இருந்து, "அணைச்சாச்சு"ன்னு சொல்வேன். அப்புறம்தான் கை வைப்பான்.

உதவின்னு வர்றவனையெல்லாம் நான் நம்பிர மாட்டேன். கன்வஸை இறக்கிட்டுப் போக வேண்டியதுதானே, இவன் உள்ள குனிஞ்சு பார்ப்பான். "கருப்பி முட்டையையே காணோமேக்கா"ன்னு ஒரு நாள் கேட்டான். கருப்பி என் கோழியிலயே நல்ல கோழி. அவ முட்டை ரெண்டு வாரமாக் கூட்டுல இல்லாததை நான் யார்கிட்டயும் சொல்லல. இவனுக்கு எப்படித் தெரியும்? அதை மனசுல வச்சிக்கிட்டேன்.

தீபாவளி அன்னிக்குக் காலையில கருப்பியைக் காணோம். மத்தியானம் பிச்சைமுத்து அடுக்குச் சட்டியில கோழிக்கறி கொண்டாந்து குடுத்தான். பாசார்ல வாங்கினதுன்னான். பாசார்க் கோழி பஞ்சு மாதிரி இருக்கும், இது பல்லுக்கு வேலை வச்சுது. முழுசாத் தின்னு பார்த்துட்டுத்தான் சொல்றேன், தெரியணும்ல.

நான் சத்தம் போடல. மளிகைக் கடையில ஒரு தடவை, வெள்ளிக்கிழமை கோயில்ல ஒரு தடவை. என் கோழி, அவன் வீட்டுக் கறி, அவ்வளவுதான் சொன்னேன். அதுக்கு மேல சொல்ல வேண்டியிருக்கல. எஸ்டேட்டுல ரெண்டு பேருக்குத் தகராறுன்னா கணக்கு எழுதுற கிராணி என்னைத்தான் கூப்பிட்டுக் கேப்பாரு. செல்லாயி சொன்னா சரியா இருக்கும்னு ஒரு பேரு. எஸ்டேட்டை வித்து எங்களை இந்தத் தாமான் வீடுங்கள்ல கொண்டாந்து போட்டப்போ வேலை போச்சு, மாடு போச்சு, சாமிகூட இடம் மாறிருச்சு. அந்தப் பேரு மட்டும்தான் என்கூட வந்துச்சு. அதை விட்டா எனக்கு வேற என்ன இருக்கு, சொல்லுங்க.

கோயில் அடுப்படிச் சாவியை அவன்கிட்ட இருந்து வாங்கிட்டாங்க. பதினொரு வருஷம் அன்னதானத்துக்குச் சமைச்சவன். தப்பு பண்ணாதவனா இருந்தா என்கூடச் சண்டைக்கு வந்திருப்பான்லா. இவன் மறுநாளும் அந்தியில வந்து, "அக்கா, சுவிச்சு?"ன்னு நிக்கிறான். எனக்கு அதுதான் ரொம்ப ஒறுத்துச்சு. "அடை கிடக்கும்கா, தேடிப் பார்ப்போம்"னு குடையைப் புடிச்சிக்கிட்டு லோங்காங் சாக்கடை ஓரத்துப் புதரெல்லாம் விலக்குவான். எல்லாம் வேஷம்னு நெனச்சேன்.

ஒம்பதாவது நாள் லோங்காங் பக்கத்துல ஒரு எச்சத்தைப் பார்த்தேன். அடைக்கோழி நாளைக்கு ஒரு தடவைதான் எறங்கும், மொத்தத்தையும் ஒரே எடத்துல உருண்டையாப் போட்டுட்டு ஓடிரும். நாத்தத்துலயே தெரியும். அப்புறம் அடுக்கி வச்சிருந்த பழைய தகரத்துக்கு அடியில குனிஞ்சு பார்த்தேன். கருப்பி இருந்தா. அடியில கை விட்டு எண்ணினேன், பதினாறு முட்டை. மழை அடையில பாதிக்குப் பாதி கூமுட்டையாப் போறது வழக்கம், அதுக்கு யாரையும் குத்தம் சொல்ல முடியாது.

ஏன் அப்பவே சொல்லலன்னு கேக்குறீங்க. கேக்க வேண்டியதுதான். சொல்லிரலாம்னுதான் கடை வரைக்கும் போனேன். அங்க போனா, "ஒங்களாலதான்கா அவன் யோக்கியதை தெரிஞ்சுது"ன்னு கடைக்காரர் நாற்காலி எடுத்துப் போட்டாரு. உக்காந்துட்டேன். வீட்டுக்கு வந்து நீலத் தட்டுல அரிசியும் தண்ணியும் கொண்டு போய்க் கருப்பி பக்கத்துல வச்சேன். தெனமும் வச்சேன்.

கோழியை அறுத்துப் போட்டிருந்தா விஷயம் முடிஞ்சிருக்குமேன்னு ஒங்ககூட வந்த பொம்பளப் போலீஸ் கேட்டாங்க. அடை கிடக்கிற கோழியை அறுக்கிறது பெரிய பாவம், தம்பி. எங்க வீட்டுல அந்தப் பழக்கமே இல்ல.

இருபதாவது நாள் அந்தியில பிச்சைமுத்து கண்டுபுடிச்சிட்டான். முட்டைக்குள்ள குஞ்சு கத்துற சத்தம் கேட்டிருக்கு. அடுப்படி வாசலுக்கு வந்து நின்னான், மேலெல்லாம் நனைஞ்சிருந்தான். "கருப்பி இருக்காக்கா"ன்னான். அப்புறம் என் மூஞ்சியப் பார்க்காம, "பக்கத்துல ஒங்க நீலத் தட்டு இருக்கு"ன்னான். "வெள்ளிக்கிழமை கோயில்ல நீங்களே சொல்லிடுங்கக்கா, நான் சொன்னா நல்லாருக்காது. குளிச்சிட்டு வந்து கன்வஸை இறக்கிடறேன்"னு போயிட்டான்.

திட்டியிருந்தா எனக்கு ஒன்னும் ஆகியிருக்காது. திட்டு வாங்காத ஒடம்பா இது. அவன் எனக்குப் பாவம் பார்த்தான். அது எனக்குத் தாங்கல.

முன்ன எழுதி வாங்கினப்போ, சுவிச்சை அணைக்க மறந்துட்டேன், வயசாச்சுன்னு சொன்னேன். எல்லாரும் நம்பினாங்க, தினேஸ்வரிகூட என் கையைப் புடிச்சிக்கிட்டு அழுதா. அன்னிக்கு அஞ்சு நாப்பதுக்கு அவன் அவளுக்குக் கருப்பியைப் படம் புடிச்சு அனுப்பினது எனக்குத் தெரியாது. படத்துல நீலத் தட்டு இருக்காமே. பல்பு கொட்டாயில இல்லாம என் அரிசி டின் மேல இருந்ததையும் ஒங்க ஆளுங்க பார்த்துட்டாங்க. சரி.

டேப்பை நான் பிரிக்கல, அது மழையில தானா பிரிஞ்சு கிடந்துச்சு. சுவிச்சை அணைச்சேன், தாழத் தொங்கின பல்பைக் கழட்டினேன், சுவிச்சைத் திரும்பப் போட்டேன். பல்பு எரிஞ்சா அவனுக்குத் தெரிஞ்சிரும்ல. அப்புறம் வெங்காயம் உரிச்சிக்கிட்டு இருந்தேன். ஆறரைக்கு வந்தான். "அக்கா, சுவிச்சு?"ன்னான். "அணைச்சாச்சு"ன்னேன். என் பேச்சை அவன் ஒரு தடவைகூடச் சந்தேகப்பட்டதில்ல.

மறுநாள் காலையில அவன் பொணத்தைத் தூக்க ஆளுங்க வந்து நிக்கிறப்போ கருப்பி குஞ்சோட வெளிய வந்தா. பதினொன்னு, எல்லாம் நல்ல குஞ்சு. யாரும் அதைக் கவனிக்கல. நான் கவனிச்சேன். தகரத்துக்கு அடியில அப்புறம் போய்ப் பார்க்கல, பார்க்க வேண்டிய அவசியமும் இல்ல.

கையெழுத்து எங்க போடணும்னு சொல்லுங்க, போடுறேன். ஆனா நீங்க ஒன்னு மட்டும் விசாரிக்கணும், தம்பி. பதினாறு முட்டை, என் கையால எண்ணினது. குஞ்சு பதினொன்னுதான். எனக்கு அப்புறம் அங்க குனிஞ்சு பார்த்தது பிச்சைமுத்து ஒருத்தன்தான், மீதி அஞ்சும் எங்க போச்சுன்னு அவன் மகளைக் கூப்பிட்டுக் கேளுங்க.