லான் ப்ரூயிட் மாட்டின நீல விளக்கு

கதவைச் சாத்துங்கப்பா, குளுரு ஊசியா குத்துது. டெல்மர், அடுப்புல ரெண்டு கட்டை போடு... ம், கேளுங்க.

சாயங்காலம் அஞ்சரை மணி. டிசம்பர் மாசம், அதுக்குள்ள கும்மிருட்டு. ஹார்வெல் ரயில் யார்டுக்குப் போற மண் ரோட்டுல நான் தன்னந்தனியா வண்டி ஓட்டிட்டுப் போறேன். என் பொண்டாட்டியோட அண்ணன் எம்மெட் ரெண்டு ரயில் பெட்டிக்கு நடுவுல மாட்டிக்கிட்டான்னு போன் வந்துச்சு.

ஹார்வெல்ங்கறது என்ன? ரயிலை எடுத்துட்டா வெறும் சோளக்காடு. சாராயக்கடையும் சர்ச்சும்கூட ஷிஃப்ட் பாத்துத்தான் திறக்கும். மண்டை உடையாத சம்பள நாளே கிடையாது. எந்தப் போக்கிரியும் மதிக்கிற சட்டம் அங்க ஒண்ணுதான். பெட்டியில ரிப்பேர் பாக்கறவன் நீல விளக்கு மாட்டினா, பெட்டி நகரக் கூடாது. மாட்டினவன் கைதான் அதைக் கழட்டணும்.

எம்மெட் ஷண்டிங் ஆளு, பெட்டியைக் கோக்கறதும் பிரிக்கறதும்தான் வேலை. முந்தின வருஷம் சாராயக்கடையில ரிப்பேர் ஆளு லான் ப்ரூயிட் இவன் பல்லை உடைச்சான். அடுத்த வாரமே லானோட விளக்கை இவன் கழட்டி, இன்ஜினுக்குக் கை காட்டிட்டான். "வேலை முடிஞ்சு விளக்கை மறந்துட்டுப் போயிட்டான்னு நெனச்சேன்"னு சத்தியம் பண்ணினான். யாரு கண்டா? ரெண்டு பெட்டிக் கொக்கிக்கு நடுவுல லான், இடுப்பு நசுங்கி நின்னான். நின்னபடியே பேசினான்! அப்படி மாட்டினவனுக்குப் பெட்டியைப் பிரிக்கிற வரைக்கும்தான் உசுரு. பொண்டாட்டி வந்து முகம் பாத்தப்புறம்தான் பிரிக்கறது எங்க வழக்கம். "என் பொண்டாட்டி ஐடா வரட்டும்டா, இழுக்காதே"ன்னு லான் கெஞ்சினான். எம்மெட் இழுக்கச் சொல்லிட்டான், பாவி.

இப்ப நான் போய்ப் பாக்கறேன்... லான் செத்த அதே லைன். கொக்கிக்கு நடுவுல எம்மெட். ரத்த வாடை, கிரீஸ் வாடை. பெட்டி தானா உருண்டு வந்துச்சாம். அதுல ஒரு நீல விளக்கு தொங்குது.

"யாரு விளக்குடா இது?" ஃபோர்மேன் கத்தறாரு. ரிப்பேர் ஆளுங்க ஒருத்தனும் அன்னைக்கு வேலைக்கே வரல.

எம்மெட் பொண்டாட்டி நாடீன் வந்தா. முத்தம் குடுத்தா, மயங்கி விழுந்தா. "போதும் மாப்ளே, இழுக்கச் சொல்லு... தாங்கலைடா!"ன்னு இவன் அலறுறான். இன்ஜின் டிரைவர் கையைக் கட்டிக்கிட்டான். "விளக்கு தொங்கற வரைக்கும் நான் தொட மாட்டேன். என்னை வேணா சுட்டுடு."

ஃபோர்மேன் துணிஞ்சு விளக்கைப் பிடிச்சாரு. சர்ருனு ஒரு சத்தம்... உள்ளங்கைத் தோலு மொத்தமும் உரிஞ்சு அதுல ஒட்டிக்கிச்சு. அப்புறம் யாரு கிட்டப் போவா?

ராத்திரி முழுக்க அலறினான்யா. நான் காதைப் பொத்திக்கிட்டு அழுதேன். டாக்டர் ஊசி மேல ஊசி போட்டாரு, ஒண்ணும் கேக்கல.

விடியற நேரம்... திடீர்னு அலறல் நின்னுச்சு. நிமிந்து பாத்தா விளக்கைக் காணோம். எங்க ஆளு எவனும் இடத்தை விட்டு அசையல.

எம்மெட் தன் பக்கத்துல, யாருமில்லாத இடத்தைப் பாத்தான். சரின்னு தலையாட்டினான். அப்புறம் என்னைப் பாத்தான்.

"இப்ப இழுக்கலாமாம், மாப்ளே. லான் சொல்றான்."

இழுத்தோம்.