பட்டாளத்துக்கு ஒரு பார்சல்

“அட்டை கடிச்சா தேய்க்கச் சவுக்காரமும் உப்பும் வச்சிருக்கேன்.”

பசறையிலிருந்து பதுளைக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இருந்த ஓர் அம்மா சொன்னார். இன்னும் ஒட்டாத பார்சல் ஒன்று அவர் மடியில் இருந்தது. பக்கத்தில் இருந்த அவரது தங்கை சிரித்துவிட்டார்.

“பனி கொட்டுற நாட்டுல அட்டை ஏதுக்கா? ஒம்மகன் என்ன, தேயிலைக் கொழுந்து எடுக்கவா போயிருக்கான்?”

“காட்டுக்குள்ளதான் நிக்கிறோம்னு சொன்னானே. காடுன்னா அட்டை இருக்காதா?”

தங்கை பார்சலைக் கிளறிப் பார்த்தார். கம்பளிக் காலுறை, தைலம், தேயிலைத் தூள், ஒரு போத்தல் மாசிச் சம்பல், எல்லாவற்றுக்கும் அடியில் அந்தச் சவுக்காரக் கட்டியும் உப்புப் பொட்டலமும்.

“டிரைவர் வேலைன்னு சொல்லித்தானேக்கா ஏஜென்சிக்காரன் அனுப்பினான்? இப்ப யாரோட பட்டாளத்துலயோ துவக்கத் தோள்ல போட்டுட்டு நிக்கிறான். கடைசியா எப்ப பேசினான்?”

“தைப்பொங்கலுக்கு.”

“சித்திரையும் முடிஞ்சிருச்சேக்கா.”

அம்மா காலுறையை மறுபடி மடித்துப் பார்சலில் வைத்தார். பஸ் இரண்டு வளைவுகளைத் தாண்டியது.

“தபால் கந்தோர்ல நீயே பேசு. வாங்குறவங்க கையெழுத்துப் போட்டு, அந்தத் துண்டு நமக்குத் திரும்பி வருமாமே, அப்படி அனுப்பணும்னு சொல்லு.”

“எதுக்குக்கா? சாமான் போய்ச் சேந்தா போதாதா?”

“சாமான யாரு தின்னா என்னடி. அவன் கையெழுத்து எனக்குத் தெரியும்.”