மூன்றாம் நம்பர் கணினியின் தேதி

தம்பி திருப்பதி, கைக்கடிகாரத்துக்குப் போடுவது மாதிரி ஒரு சின்ன பேட்டரி கணினிக்குள்ளும் இருக்கும். அது செத்துவிட்டால், கரண்ட் போய் வரும்போதெல்லாம் தேதி 1980க்குப் போய்விடும். கோவில்பட்டியில் கரண்ட் போகாத நாள் ஏது? என் பிரவுசிங் சென்டரில் மூன்றாம் நம்பர் கணினிக்கு அந்தக் கோளாறு.

உங்கள் அம்மா சனிக்கிழமைதோறும் எட்டயபுரம் ஆட்டுச் சந்தை முடிந்து பஸ் ஏறி வருவார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல நான் தட்டுவேன். கம்பெனி வழியாகக் கப்பலில் இருக்கும் உங்களுக்கு மெயில் வரும். மாசி மாதம் ஒரு நாள், "வயித்துல கட்டியாம்யா. இப்பம் அறுத்தா பொழைச்சிக்கிடலாம்ங்காவ. அவன் வாரானான்னு கேளு" என்றார்கள். மூன்றாம் நம்பர் கணினியில் தட்டிக் கேட்டேன். திங்கட்கிழமை கம்பெனியிலிருந்து எச்சரிக்கை வந்தது. மெயிலின் தேதி இருபத்திரண்டு வருடம் பழையது, குப்பை மெயில் என்று தடுத்திருக்கிறோம், தேதியைச் சரிசெய்து திரும்ப அனுப்பவும்.

சனிக்கிழமை அம்மா வந்தபோது என்னிடம் கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகள் ஆறு பேர் இருந்தார்கள். "பதில் வந்துட்டாய்யா?"

கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யப்படும் என்று வாசலில் போர்டு மாட்டியவன் நான். என் கணினியே கோளாறு என்று அந்தப் பிள்ளைகள் முன்னால் சொல்ல வாய் வரவில்லை.

"வந்துட்டும்மா. சித்திரையில வாரானாம், பொறுத்துக்கிடச் சொல்லுதான்."

அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பிள்ளை வந்து பக்கத்துல நிக்கட்டும். அப்பமே அறுத்துக்கிடுதேன்."

சித்திரை பிறந்ததும் வைகாசி என்றேன். பிறகு ஆனி. அம்மா சொல்வதைத் தட்டுவேன், அவர்கள் படியிறங்கியதும் அழித்துவிடுவேன். அம்மா ஏன் எழுதவில்லை என்று நீங்கள் கேட்ட ஐந்து மெயில்களையும் அழித்தேன். அவர்கள் மெலிந்துகொண்டே வந்தார்கள். பார்க்க வெட்கமாக இருக்கும், டீ வாங்கிக் கொடுப்பேன். ஆடி மூன்றாம் தேதி போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

நேற்று, பதினாறாம் நாள் காரியத்தில், மெயில் போகாததற்குப் பேட்டரிதான் காரணம் என்று உங்களிடம் சொன்னேன். "நீங்க என்ன செய்வீய அண்ணாச்சி" என்று என் கையைப் பிடித்து அழுதீர்கள். ராத்திரி முழுக்க அந்தக் கையை என்னால் பார்க்க முடியவில்லை. அதனால்தான் முதல் பஸ்ஸுக்கே பசுவந்தனைக்கு, உங்கள் வீட்டுக்கு வந்தேன்.

அந்தப் பேட்டரியை, அம்மாவிடம் பொய் சொன்ன அன்று சாயங்காலமே மாற்றிவிட்டேன். பழைய மெயிலைத் திரும்ப அனுப்ப இரண்டு நிமிடம் போதும். அனுப்பினால் நீங்கள் பதில் எழுதுவீர்கள், நான் சொன்னது பொய் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். பேட்டரி மாற்றிய பிறகு அம்மா என் எதிரில் வந்து உட்கார்ந்த அத்தனை சனிக்கிழமைகளிலும் அந்தக் கணினி சரியான தேதியைத்தான் காட்டிக்கொண்டிருந்தது.